பாறுகளின் அழிவும் காரண விசாரணையும்



ஓர் உயிரினம் குறைந்து வருகிறது என்று அறிவதற்குக் கண்ணும் பொறுமையும் போதும். அது ஏன் குறைகிறது என்று சொல்வதற்குத்தான் சாஸ்திரம் வேண்டியிருக்கிறது. சிட்டுக்குருவியைக் காணோம் என்றால் கைப்பேசிக் கோபுரம் என்கிறோம். தவளைச் சத்தம் கேட்கவில்லை என்றால் ரசாயன உரம் என்கிறோம். சொன்னவருக்கும் திருப்தி, கேட்டவருக்கும் திருப்தி, குருவிக்கும் தவளைக்கும் மட்டும் அதனால் ஒரு பிரயோஜனமும் விளைவதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நன்கு அறிந்த நாம், இயற்கையைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் அந்தக் கதையை அடியோடு மறந்துவிடுகிறோம். ஆகவே, பல காரணங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்ட ஒரு வழக்கில், உண்மைக் காரணம் எப்படிப் பிரித்தெடுக்கப்பட்டது என்பதை இன்று தங்கள் முன் விரித்துரைக்கலாம் என்று எண்ணுகிறேன். அந்த வழக்கு பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் நாம் வழங்கும் பறவைகளைப் பற்றியது.

மரங்களில் கூடுகட்டும் வெண்முதுகுப் பாறு, பெரும்பாலும் மலைமுகட்டுப் பாறைகளில் முட்டையிடும் கருங்கழுத்துப் பாறு, இமயத்தின் அடிவாரத்தையும் வடகிழக்குச் சமவெளியையும் சார்ந்து வாழும் மெல்லலகுப் பாறு ஆகிய மூன்றும் ஜிப்ஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் வெண்முதுகுப் பாறே உலகின் பெரிய ஊனுண்ணிப் பறவைகள் அனைத்திலும் எண்ணிக்கை மிகுந்ததாக இருக்கக்கூடும் என்று 1980-களில் ஆராய்ச்சியாளர் எழுதினர். மாட்டைக் கொன்று தின்னும் வழக்கம் குறைந்த ஒரு தேசத்தில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊர்ப்புறத்தே எறிந்துவிட்டால் சில மணி நேரத்தில் எலும்பைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது என்பது தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ட அனுபவம். அந்த அனுபவம் பத்தே ஆண்டுகளில் பொய்த்துப்போயிற்று.

ராஜஸ்தானத்துப் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980-களில் 350-க்கு மேற்பட்ட வெண்முதுகுப் பாறுக் கூடுகள் இருந்ததைக் கணக்கெடுத்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து விபு பிரகாஷ், 1996-ஆம் ஆண்டில் மீண்டும் சென்று பார்த்தபோது ஏறத்தாழ 150 கூடுகளையே கண்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அங்கே ஒரு கூடும் இல்லாமற்போயிற்று. மரக்கிளைகளில் இறந்த பறவைகள் தொங்கின. கூடுகளின் அடியில் சடலங்கள் கிடந்தன. 1990-களின் தொடக்கத்தில் வண்டியிலிருந்து சாலை வழியே எண்ணிய அதே தடங்களில் 2000-இல் திரும்ப எண்ணியபோது, நாடு முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டதாகத் தெரிந்தது. 2007-இல் வெண்முதுகுப் பாறு 1990-களில் இருந்த தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இனி, காரணம் என்ன என்ற கேள்வி எழுந்தபோது கூறப்பட்ட விடைகளைப் பார்ப்போம். கறவை வற்றிய மாடுகள் இறைச்சிக்கு விற்கப்படுவதால் ஆகாரம் குறைந்துவிட்டது என்றனர் சிலர். கூடுகட்டும் பெருமரங்கள் வெட்டப்பட்டன என்றனர் வேறு சிலர். வயலில் தெளிக்கும் டி.டி.டி. முதலிய பூச்சிமருந்துகள் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்கின்றன என்றும், சிறுத்தைக்கும் ஓநாய்க்கும் வைத்த விஷத்தைப் பாறுகள் தின்கின்றன என்றும், புதியதொரு தொற்றுநோய் பரவிவிட்டது என்றும் அபிப்பிராயங்கள் எழுந்தன. இவற்றுள் எதையும் பேதைமை என்று தள்ளிவிட இயலாது. ஒவ்வொன்றும் உலகில் ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒரு பறவையை உண்மையிலேயே அழித்திருக்கிறது. இங்கிலாந்தில் ராட்கிளிஃப் என்பவர், தொகுப்புகளில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய முட்டையோடுகளைப் புதியவற்றோடு நிறுத்துப் பார்த்து, வல்லூறுகளின் முட்டையோடு மெலிந்துவிட்டதை 1967-இல் நிரூபித்த சரித்திரம் அனைவரும் அறிந்தது. ஒரு முறை வென்ற விடை அடுத்த வழக்கிலும் தானே வெல்லும் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம். இந்தச் சுபாவத்தைக் குறித்துத்தான் அமெரிக்க நிலவியலாளர் சேம்பர்லின் 1890-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே அனுமானத்தை வளர்த்துவரும் ஆராய்ச்சியாளன் அதன்மீது பெற்றோருக்குள்ள வாத்ஸல்யத்தைக் கொண்டுவிடுகிறான் என்றும், ஆதலால் பல அனுமானங்களை ஏககாலத்தில் சமமாகப் பாராட்டி வளர்ப்பதே அந்த மயக்கத்துக்கு மருந்து என்றும் அவர் வாதித்தார். இந்த உபதேசத்தை மெச்சாத விஞ்ஞானி இல்லை. கைக்கொண்டவர்களை எண்ண அதிக நேரம் ஆகாது.

எந்த உண்மையைக் கேட்டால் இந்த விடைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பதிலைச் சொல்லும் என்று தேடுவதே பரிசோதனையின் உயிர்நாடி. மரக்குறைவே காரணமானால், பாறையில் கூடுகட்டும் கருங்கழுத்துப் பாறு தப்பியிருக்க வேண்டும். பாறைகளை யாரும் வெட்டிக்கொண்டு போகவில்லை, எனினும் அதுவும் மடிந்தது. மேலும், பரத்பூர்ப் பூங்காவின் மரங்கள் நின்றபடியே நின்றன. ஆகாரக்குறைவே காரணமானால், ஊர்ப்புறத்தில் மாட்டுச் சடலங்கள் கிடைத்தற்கரியனவாக இருந்திருக்க வேண்டும். மாறாக, தின்பார் இன்றி அவை அழுகி நாறின, அவற்றைத் தின்று தெருநாய்கள் பெருகின. இவ்விரண்டு விடைகளையும் தள்ளுவதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியிருக்கவில்லை.

டி.டி.டி. விடையைத் தள்ளியது வெறும் கணக்கு. பாறு ஐந்து வயதளவில்தான் குஞ்சு பொரிக்கத் தொடங்கும். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும். வளர்ந்த பறவைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அடுத்த ஆண்டைக் காணும். இத்தகைய நீண்ட ஆயுளுள்ள பறவையினத்தில், ஒரு தேசத்தின் எல்லா முட்டைகளும் உடைந்தே போனாலும், இருக்கும் பெரிய பறவைகள் மெல்ல மெல்ல மூப்படைந்து மறைவதால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே தொகை இறங்கும். இங்கே நிகழ்ந்ததோ, 2000-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆண்டுதோறும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்துகொண்டே வந்த சரிவு. முட்டை உடைவதால் இந்த வேகம் வராது. வளர்ந்த பறவைகளே செத்துக்கொண்டிருந்தாலொழிய இது நடவாது. வீழ்ச்சியின் வேகமே காரணத்தின் இயல்பைக் காட்டிக்கொடுக்கும் என்பது, இந்த வழக்கிலிருந்து வனவிலங்கு ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளத்தக்கது.

இப்படிப் பல விடைகள் உதிர்ந்தபின் செழித்து நின்றது தொற்றுநோய் என்னும் விடை. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் டில்லியில் கூடிய சர்வதேசக் கருத்தரங்கிலும் அதற்கே செல்வாக்கு மிகுந்திருந்தது. அதன் பக்கம் இருந்த நியாயங்கள் அற்பமானவை அல்ல. நோயுற்றதாகத் தோன்றிய பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு நாட்கணக்கில், வாரக்கணக்கில் மரத்தில் அசைவற்று அமர்ந்திருந்தன. இந்தியாவில் பரிசோதித்த சில சடலங்களில் குடலிலும் இரத்தக்குழாய்களிலும் வைரஸ் நோயை நினைவூட்டும் அழற்சி காணப்பட்டது. மூன்று வகைகளும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை என்பதும், அவற்றோடு ஒரே பிணத்தைத் தின்னும் நாயும் காக்கையும் நன்றாக இருந்தன என்பதும், ஒரு பேரினத்தையே பற்றும் கிருமியைச் சுட்டின. கிருமி மேற்கே பரவி ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் அடைந்துவிடுமோ என்று அங்குள்ளவர்கள் அஞ்சினர். ஆனால், எத்தனை தேடியும் அந்தக் கிருமி கிடைக்கவில்லை. கிடைக்காதது தேடுகிறவரின் குறையென்று சொல்லி எத்தனை காலம் காத்திருப்பது? கழுத்துத் தொங்கலைப் பற்றி ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் மார்ட்டின் கில்பர்ட் முதலியோர் அந்தத் தோற்றத்தைப் பொறுமையாகக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தைத் தொங்கவிட்ட பறவைகள் மற்றவற்றைவிட மிகுதியாகச் சாகவில்லை என்றும், உடற்சூட்டைத் தணித்துக்கொள்வதற்காக அவை அப்படி அமர்ந்திருக்கக்கூடும் என்றும் தெரிவித்தனர். ஒரு பெருநோயின் முதல் அடையாளமென்று பல தேசத்து நிபுணர்கள் கொண்டாடியது, வெயிலுக்குப் பறவை செய்துகொண்ட சாதாரண உபாயமாக முடிந்தது.

பசிபிக் கடலில் குவாம் என்னும் தீவில் காட்டுப் பறவைகள் ஒவ்வொன்றாய் மறைந்தபோதும் பலர் முதலில் நோயென்றும் பூச்சிமருந்தென்றும்தான் கூறினர். ஜூலி சாவிட்ஜ் என்ற ஆராய்ச்சிப் பெண்மணி பொறிகளில் காடையை இரையாக வைத்து, யார் வந்து தின்கிறார்கள் என்று பார்த்து, வெளியிலிருந்து வந்தேறிய பழுப்பு மரப்பாம்பே காரணமென்று 1987-இல் நிலைநாட்டினார். கண்ணுக்குத் தெரியாத கிருமியின்மீது பழிபோடுவது எவ்விடத்தும் எளிதாகவே இருக்கிறது.

இனி விசாரணையின் நடுநாயகமான பகுதிக்கு வருவோம். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கால்நடை நோய்க்குறி வல்லுநர் லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும், அமெரிக்காவின் பெரக்ரின் நிதியமும், பாகிஸ்தான் பறவையியல் சங்கமும் சேர்ந்து பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் தோலேவாலா, தோவாவாலா, சாங்கா மாங்கா ஆகிய இடங்களில் பாறுகளின் குடியிருப்புகளைக் காவல் காத்தனர். வெயிலில் விரைவில் அழுகிப்போகும் சடலங்களைப் புதிதாகவே எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்ததில், 259 பறவைகளுள் 219-இல் ஒரே காட்சி தென்பட்டது: இதயம், கல்லீரல், சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்பசையாகப் படிந்திருந்தது. சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டால் பறவையின் உடம்பில் இது நேரும். ஆனால் சிறுநீரகம் ஏன் கெட்டது? தண்ணீரின்றித் தவித்தாலும் கெடும், கிருமியாலும் கெடும், ஈயத்தாலும் பாதரசத்தாலும் கெடும். அவர்கள் உலோகங்களைத் தேடினர், பூச்சிமருந்துகளைத் தேடினர், வைரஸ்களையும் பாக்டீரியாக்களையும் தேடினர், சத்துக்குறைவைத் தேடினர். எதிலும் விடை கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஓக்ஸ் குழுவினர் செய்த ஒரு காரியம், என் அபிப்பிராயத்தில், அந்த ஆய்வு முழுவதிலும் சிறந்தது. உபகரணங்களை இன்னும் பெரிதாக்கி இன்னும் நுண்ணிய கிருமியைத் தேடாமல், பாறு எதைத் தின்கிறது என்று யோசித்தனர். அது தின்பது வீட்டு மாட்டையும் எருமையையும். ஆகவே, அந்த மாடுகளுக்கு மனிதர்கள் என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய்க் கேட்டனர். வாயால் தின்றாலும் உடம்பில் ஏறுவதும், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதென்று முன்னமே தெரிந்ததும், அண்மைக் காலத்தில் பரவலாக வழங்கத் தொடங்கியதுமான மருந்து ஏதேனும் உண்டா என்பதே கேள்வி. பொருந்தியது ஒன்றே ஒன்று: டைக்ளோஃபீனாக். மனிதனின் மூட்டுவலிக்குப் பல காலமாகக் கொடுத்துவந்த வலிநீக்கி அது. 1990-களில் கால்நடைக்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கி, நொண்டும் எருதுக்கும் மடிவீங்கிய பசுவுக்கும் ஊசியாக ஏறியது. விசாரித்த கடைகள் எல்லாவற்றிலும் அது விற்பனையில் இருந்தது. அந்த விடை, ஆய்வுக்கூடத்தில் அல்ல, மருந்துக் கடையில் இத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தது.

யூரிக் அமிலம் படிந்து இறந்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தனர். இருபத்தைந்திலும் டைக்ளோஃபீனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளைச் சோதித்தனர்; ஒன்றில்கூட இல்லை. நம் தேசத்துத் தருக்க நூலார் புகையையும் நெருப்பையும் வைத்து அந்வயம், வியதிரேகம் என்று கூறுவார்களே, அதாவது உள்ளவிடத்து உண்மையும் இல்லவிடத்து இன்மையும், அவை இரண்டும் இத்துணைத் தெளிவாக ஒருங்கே அமைந்த உதாரணம் உயிரியலில் அரிது. எனினும் அவர்கள் அங்கே நிற்கவில்லை. சேர்ந்து காணப்படுவது வேறு, விளைவிப்பது வேறு. ஆகவே, காயம்பட்டுக் காட்டில் விடமுடியாத பாறுகளுக்கு அந்த மருந்தை நேராகவும், மருந்து கொடுத்த எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியாகவும் கொடுத்தனர். அத்தகைய இறைச்சியைத் தின்ற 20 பறவைகளுள் 13 மடிந்தன. உட்கொண்ட மருந்தின் அளவு கூடக் கூடச் சாவும் கூடிற்று. இறந்தவற்றின் உறுப்புகளில் அதே வெண்பசை. அழிந்துவரும் இனத்தின் பறவைகளையே கொன்று சோதிப்பது தர்மமா என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்றைத் தவிர்த்திருந்தால் அந்த மருந்துக்கான தடை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிருக்கும், அதற்குள் ஆயிரக்கணக்கில் மடிந்திருக்கும் என்பதே என் தீர்ப்பு. இந்த முடிவுகள் 2004-இல் நேச்சர் பத்திரிகையில் வெளியாயின.

உடனே ஒரு வலுவான ஆட்சேபம் பிறந்தது. மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் செத்த மாட்டில் மட்டுமே விஷம் மிஞ்சியிருக்கும். அப்படிப்பட்ட மாடுகள் எத்தனை? அதைக்கொண்டு ஓர் உபகண்டத்துப் பறவையினமே அழியக்கூடுமா? பாகிஸ்தானில் உண்மையாயிருப்பது இந்தியாவில் உண்மையாக வேண்டும் என்பது என்ன நிர்ப்பந்தம்? ரைஸ் கிரீன் என்பவரும் அவர் தோழர்களும் அதே ஆண்டில் கணக்கிட்டுப் பதில் கூறினர். மாட்டுச் சடலங்களில் 130-க்கு ஒன்று, அல்லது 760-க்கு ஒன்று, கொல்லும் அளவு மருந்தை உடையதாயிருந்தாலே கண்ட வீழ்ச்சி முழுவதும் விளையும் என்றனர். ஏனெனில் பாறு தனியே உண்பதில்லை; ஒரு பிணத்தைச் சுற்றிப் பெருங்கூட்டமாக இறங்குகிறது; ஆண்டில் பலமுறை இப்படி உண்கிறது. தொற்றுநோய்க் கட்சியார் தமக்குச் சாதகமாய்க் காட்டிய ஜிப்ஸ் பேரினத்தின் ஒற்றுமை, இந்தக் கூட்டுணவு வழக்கத்தால் இன்னும் நன்றாக விளங்கிவிட்டது. இந்தியாவிலும் நேபாளத்திலும் கிடைத்த சடலங்களில் வெண்பசையும் மருந்தும் சேர்ந்தே காணப்பட்டன. பின்னர் 2004, 2005 ஆண்டுகளில் இந்திய மாநிலங்கள் பலவற்றில் செத்த மாடுகளின் ஈரல் 1,848 மாதிரிகளைச் சோதித்ததில் பத்தில் ஒரு பங்கில் டைக்ளோஃபீனாக் இருந்தது. 760-இல் ஒன்றே போதும் என்ற இடத்தில் பத்துக்கு ஒன்று! பாறுகள் மறைந்ததில் அல்ல, சில மிஞ்சியதில்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

காரணத்தை நீக்கினால் காரியம் நிற்க வேண்டும் என்பது இறுதிப் பரிசோதனை. அதற்கு முன், மாட்டுக்கு மாற்று மருந்து வேண்டுமே. மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறு முதலிய பறவைகளுக்குத் தீங்கிழைக்கிறதா என்று தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கப் பாறுகளிடம் முதலில் சோதித்து, பிறகு இந்தியப் பாறுகளிடமும் சோதித்துத் தீங்கில்லை என்று கண்டபின், 2006-இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைக்கான டைக்ளோஃபீனாக்கைத் தடுத்தன. பங்களாதேசம் 2010-இல் பின்தொடர்ந்தது. அதற்கடுத்த கணக்கெடுப்புகளில் இந்தியாவிலும் நேபாளத்திலும் வீழ்ச்சியின் வேகம் தணிந்தது. முற்றும் நிற்கவில்லை, ஏனெனில் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றுவோர் இருந்தனர். மனித உபயோகத்துக்கான ஊசிமருந்து 3 மில்லிலிட்டர் ஒற்றைக் குப்பியில்தான் விற்கவேண்டும் என்று 2015-இல் வந்த ஆணை சென்னை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடப்பட்டு, 2017-இல் நிலைபெற்றது. மாட்டின் உடம்புக்குள் சென்று டைக்ளோஃபீனாக்காகவே மாறும் அசிக்ளோஃபீனாக்கும், பாறுகளைக் கொல்லுமென்று நிரூபணமான கீட்டோபுரோஃபனும் இந்தியாவில் 2023-இல்தான் தடைபெற்றன.

நம் மாநிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் அளாவிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் இன்றும் வாழ்கின்றன. தென்னாட்டில் பாறுகளுக்கு எஞ்சிய முக்கியமான புகலிடம் அது. காட்டு மிருகங்களின் பிணங்கள் கிடைப்பதாலும், ஊசியேற்றிய மாட்டை அவை அங்கே குறைவாகவே தின்பதாலும் அவை பிழைத்திருக்கலாம் என்பது நியாயமான அனுமானம். அனுமானமே, நிரூபணம் அன்று. திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிப்பொழுதில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த மஞ்சள்முகப் பாறுகள் 1990-களுக்குப்பின் வராமற்போனதையும் சிலர் இந்த மருந்தின் தலையிலேயே கட்டுகின்றனர். மஞ்சள்முகப் பாறு ஜிப்ஸ் பேரினத்தைச் சார்ந்ததன்று. அதன் வீழ்ச்சிக்கும் டைக்ளோஃபீனாக்குக்கும் உள்ள தொடர்பு ஐயுறத்தக்க அளவு நெருக்கமாக இருக்கிறதேயன்றி, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து என்ற அந்த நிரூபணம் அதற்கு இல்லை. நேற்று வென்ற விடையை இன்று எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்குவது, சேம்பர்லின் எச்சரித்த அதே வாத்ஸல்யம். செந்நாய்க்கும் புலிக்கும் வைத்த விஷமும் மாயாற்றுப் பக்கத்தில் பாறுகளைக் கொல்லக்கூடும். ஒவ்வொரு சாவையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

அந்த விசாரணைக்கும் பாறுகளின் பாதுகாப்புக்கும் அன்பர்களாகிய தாங்கள் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. மாடு வளர்த்தால், அதன் வலிக்கு ஊசி போடும்போது மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாயாற்றுக் கரையிலோ பிற மலைகளிலோ பாறு ஒன்று இறந்து கிடக்கக் கண்டால், அதைப் புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். அன்றே வனத்துறையாருக்குத் தெரிவியுங்கள். நம் நாட்டு வெயிலில் ஓரிரு நாளிலேயே சிறுநீரகம் அழுகிவிடும். அழுகியபின் எந்த வல்லுநராலும் அதன் சாவுக்குக் காரணம் சொல்ல இயலாது.